பொம்மைக்கு அழுத கண்ணீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரிக் கலையரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சார், நீங்க பௌதிகம் படிச்சுட்டு கம்ப்யூட்டர் பக்கம் போனவர். அதைப் பத்தியே பேசுங்க. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி பேசறீங்க, தூங்க வெச்சுடாதீங்க" என்றார். அதனால் கம்ப்யூட்டரையும் விடாமல், உங்களையும் தூங்க விடாமல் இருக்க, சினிமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். என் வகுப்புத் தோழன் ஒருவன் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். அவன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அவன் மனைவி காலமானார். ஆஸ்பத்திரிக் கணக்கு, உறவினருக்குத் தகவல், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அவனே நின்று பார்த்தான். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கானே" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன். குரல் உடைந்திருக்கிறது. "டேய், பேத்தியோட உட்கார்ந்து 'அப்'னு ஒரு கார்ட்டூன் படம் பார்த்தேன்டா. அதுல ஒரு கிழவன், அவன் பொண்டாட்டி செத்துப் போறா. தேம்பித் தேம்பி அழுதுட்டேன். என் பொண்டாட்டி போனப்போ வராத அழுகை, கம்ப்யூட்டர் போட்ட பொம்மைக்கு வருதே. இது அவளுக்கு நான் பண்ற மரியாதையாடா?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "தூங்குடா, காலையில பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். காலையில் பேசவே இல்லை. அவனுக்குப் பாக்கி வைத்திருக்கும் அந்தப் பதிலை இன்று உங்கள் முன்னிலையில் சொல்லப் பார்க்கிறேன்.

1986-ஆம் ஆண்டுக்குப் போவோம். அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 'சிக்ராஃப்' என்ற கம்ப்யூட்டர் வரைகலை மாநாடு. கூடியிருந்தவர்கள் கணக்கும் இன்ஜினியரிங்கும் படித்தவர்கள். அங்கே பிக்சார் என்ற சின்னக் கம்பெனி சுமார் இரண்டு நிமிடப் படம் ஒன்றைப் போட்டது. பெயர் 'லக்ஸோ ஜூனியர்'. பாத்திரங்கள் இரண்டு மேஜை விளக்குகள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. கண் கிடையாது, வாய் கிடையாது, வசனம் கிடையாது. சிறிசு ஒரு பந்தோடு விளையாடுகிறது. பந்தின் மேல் ஏறிக் குதிக்கிறது. பந்து காற்றுப் போய்விடுகிறது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிய பந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வருகிறது. பெரிய விளக்கு தலையை ஆட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் கதை.

படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்ற பெரிய வரைகலை நிபுணர், டைரக்டர் ஜான் லாசெட்டரிடம் வேகமாக வந்தார். நிழல் விழுவதற்கு எழுதிய கணக்கு முறையைப் பற்றி ஏதோ சிக்கலான கேள்வி வரப்போகிறது என்று லாசெட்டர் பயந்துபோனாராம். அவர் கேட்டதோ வேறு: "அந்தப் பெரிய விளக்கு, அப்பாவா, அம்மாவா?" அந்தக் கேள்வியைக் கேட்டதும் தாம் ஜெயித்துவிட்டது தெரிந்தது என்று லாசெட்டர் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கணக்குப் போடுகிறவர் கணக்கை மறந்துவிட்டு உறவுமுறை விசாரித்தார் பாருங்கள், அதுதான் விஷயம்!

இதற்கு வேர் இன்னும் பழையது. 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலார் சின்னப் படம் ஒன்று எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு செவ்வகம். இவை அங்குமிங்கும் நகரும். அதை 34 பேருக்குக் காட்டி, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் ஜியோமிதி பாஷையில் பதில் சொன்னார். மற்றவர்கள் சண்டை, பயம், துரத்தல், தப்பித்தல் என்று உயிருள்ளவைகளின் கதையாகச் சொன்னார்கள். முக்கோணத்திற்கே உயிர் கொடுக்கிற மனசு இது. அது நகருகிற விதம் சரியாக இருந்தால் போதும், உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தோல்பாவைக் கூத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆடும் தோலைப் பார்த்து, நல்லதங்காளுக்காக நம் பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது வேறு எதனால்?

ஆகவே, "பொம்மைக்கு அழுவது புத்திக்கெட்டத்தனம்" என்ற பேச்சை முதலில் தள்ளிவைத்துவிடலாம். அது மனுஷ சுபாவம். அடுத்த கேள்விதான் முக்கியம். நிஜ மனிதர்கள் நடித்த படமும் அழவைக்கிறது. கம்ப்யூட்டர் படமும் அழவைக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை என்பது என் கருத்து. எப்படி என்று சொல்கிறேன்.

காமிராவை வைத்துக்கொண்டு ஒரு டைரக்டர் தெருவில் நின்றால், பாதிப் படம் இனாமாகக் கிடைக்கிறது. காற்று அடிக்கும், நடிகையின் முடி பறக்கும், பின்னால் ஒரு நாய் போகும். கம்ப்யூட்டரில் எதுவும் இனாம் கிடையாது. காற்று வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அதைக் கட்ட வேண்டும். இமை கொட்டணுமா? எந்த ஃபிரேமில் கொட்டணும், எவ்வளவு நேரம் மூடியிருக்கணும், எல்லாம் ஒருவர் தீர்மானிக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம். 1995 நவம்பரில் வந்த 'டாய் ஸ்டோரி', முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளப் படம். அதில் 1,10,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். தற்செயல் என்பதே இல்லாத கலை அது.

இது ஒரு பலமும்கூட. வேண்டாத ஒன்றும் உள்ளே நுழைய முடியாது. 'அப்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் பீட் டாக்டர் இயக்கியது. கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் அனிமேஷன் படம். கார்ல், எல்லி என்ற தம்பதியின் கல்யாண வாழ்க்கை முழுவதும் நாலரை நிமிடத்துக்குள் வந்து போகிறது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மைக்கேல் ஜியாக்கினோவின் இசை மட்டும். வீட்டைச் சீர் செய்கிறார்கள். குழந்தைக்கு அறை தயார் செய்கிறார்கள். அடுத்து டாக்டர் அறை. எல்லி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பயணம் போக உண்டியலில் காசு சேர்க்கிறார்கள். டயர் வெடிக்கிறது, கார்லுக்குக் கால் அடிபடுகிறது, கூரைமேல் மரம் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் உண்டியல் உடைகிறது. தினமும் எல்லி கார்லுக்கு டை கட்டிவிடுகிறாள். டை மாறுகிறது, முடி நரைக்கிறது. கடைசியில் கார்ல் மட்டும் பலூனைப் பிடித்துக்கொண்டு காலியான வீட்டுக்குள் போகிறார்.

நம்ம வீட்டுக் கதைதானே இது? உண்டியலுக்குப் பதிலாக நமக்குச் சீட்டு. எவ்வளவு பேர் எத்தனை தடவை உடைத்திருக்கிறோம்!

கார்லின் முகத்தைக் கவனியுங்கள். சதுரமாக வரைந்திருக்கிறார்கள். எல்லி வட்டம். நிஜத்தில் அப்படி எந்த மனிதனும் கிடையாது. அதனால்தான் அந்த முகத்துக்குள் யார் வேண்டுமானாலும் குடிபோகலாம். பிரபல நடிகை ஒருவர் அந்த மனைவியாக நடித்திருந்தால், நாம் அந்த நடிகையைத்தான் பார்த்திருப்போம். "போன படத்துல இவங்க வக்கீலா வந்தாங்களே" என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லிக்கு வேறு படம் கிடையாது, வேறு முகமும் கிடையாது. என் நண்பன் அந்த வட்ட முகத்தில் தன் மனைவியை உட்காரவைத்துவிட்டான். வாசலைத் திறந்து வைத்திருந்தது படம். உள்ளே போனது அவன் வாழ்க்கை.

இந்த வாசல் மூடிக்கொள்வதும் உண்டு. ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். செயற்கை உருவம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும். ஆனால் ஏறக்குறைய மனிதன் மாதிரியே ஆகி, கொஞ்சம் குறைபட்டு நிற்கும் இடத்தில் திடீரென்று அருவருப்பு வரும் என்றார். மலை ஏறுகிறவன் பள்ளத்தில் விழுகிற மாதிரி. 2001-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி' நிஜ மனிதர்களைப் போலவே கம்ப்யூட்டர் மனிதர்களைக் காட்டப் பெரும் பணம் செலவழித்து நஷ்டப்பட்டது. 2004-இல் வந்த 'போலார் எக்ஸ்பிரஸ்' படத்தைப் பார்த்த விமர்சகர்கள் பலர், கண்களில் உயிர் இல்லை என்றார்கள். 2014-இல் நம் 'கோச்சடையான்' வந்தது. ரஜினிகாந்தின் அசைவுகளைக் கருவிகள் மூலம் பதிவு செய்து எடுத்த படம். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் அந்த முகத்தில் ஒரு சதை அசைந்தால்கூடத் தெரிந்துகொள்கிற ஜனம் நாம். என்ன இருக்கிறது என்று பார்க்காமல், என்ன இல்லை என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிக்சார்காரர்கள் முதல் படத்துக்குப் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்ததன் ரகசியமும் இதுதான். அன்றைய கம்ப்யூட்டரில் எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. 1988-இல் 'டின் டாய்' என்ற குறும்படத்தில் ஒரு குழந்தையைக் காட்டினார்கள்; படம் ஆஸ்கர் வாங்கியது, குழந்தை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. சரி, பிளாஸ்டிக்தான் வருமென்றால் பிளாஸ்டிக் பொம்மையின் கதையையே சொல்லலாம் என்று போனார்கள். தன் குறையை அறிந்து அதற்கேற்ற கதையை எடுத்ததுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சினிமாவுக்கு மட்டுமல்ல, வாழ்க்கைக்கும் ஆகும்.

அதோடு இன்னொன்று. 1993 நவம்பரில் அந்தப் படத்தின் பாதி வடிவத்தை டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கதாநாயகன் வுடி அதில் குரூரமான ஆளாக இருந்தான், யாருக்கும் பிடிக்கவில்லை. வேலை நிறுத்தப்பட்டது. கம்ப்யூட்டரில் கோளாறு ஒன்றுமில்லை. கதையை உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள். மனசைத் தொட்டது அந்தத் திருத்தம்தான்.

மறுபக்கமும் பார்ப்போம். 1994-இல் கையால் வரைந்த 'லயன் கிங்'கை, 2019-இல் நிஜ சிங்கம் போலவே கம்ப்யூட்டரில் மறுபடி எடுத்தார்கள். வசூல் அபாரம். ஒவ்வொரு ரோமமும் தெரிகிறது. ஆனால் அப்பா இறந்து கிடக்கும்போது குட்டியின் முகம்? நிஜச் சிங்கக்குட்டிக்கு அழத் தெரியாதே! நிஜத்துக்கு விசுவாசமாக இருந்ததால் முகம் ஊமையாகிவிட்டது. கோட்டுப் படத்துக் குட்டி அழுதபோது கூட அழுதவர்கள், நிஜம் போன்ற குட்டியைப் பார்த்து, "எவ்வளவு தத்ரூபம்!" என்றார்கள். வியப்பு வந்த இடத்தில் அழுகை வராது.

இதுவரை கேட்டவர்கள், "இந்த ஆள் கம்ப்யூட்டர் கட்சி" என்று நினைக்கலாம். அப்படியில்லை. நிஜ மனிதர் மட்டுமே தரக்கூடிய ஒன்று உண்டு.

1955-இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'. அதில் இந்திர் என்ற கிழவியாக நடித்தவர் சுனிபாலா தேவி. எண்பதை ஒட்டிய வயது. எப்போதோ நடிப்பை விட்டுவிட்டவர். கூன் விழுந்த முதுகு, பொக்கை வாய், தோலில் ஆயிரம் சுருக்கம். பணமில்லாமல் படம் இரண்டு மூன்று வருடம் இழுத்தது. அதற்குள் அந்தப் பாட்டி இறந்துபோகாமல் இருந்ததே அற்புதம் என்று ரே பின்னால் சொன்னார். மூங்கில் தோப்பில் பாட்டி உட்கார்ந்தபடியே இறந்திருப்பாள். துர்கா விளையாட்டாகத் தொட்டு உலுக்க, உடல் அப்படியே சாயும். அந்தக் காட்சியில் நடித்த சுனிபாலா, படம் திரைக்கு வருமுன்பே நிஜமாகவே காலமாகிவிட்டார்.

அந்தச் சுருக்கங்களை எந்தக் கலைஞரும் வரையவில்லை. எண்பது வருடம் வரைந்தது. அந்த முகத்தில் நம் பாட்டியைக் குடிவைக்க முடியாது. இடமே இல்லை, அவரே முழுக்க நிறைந்திருக்கிறார். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: இப்படி ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்று ஒப்புக்கொள்வது. கார்லுக்கு இன்றைக்கும் 78 வயது, என்றைக்கும் 78 வயது. அவர் சாகமாட்டார், ஏனென்றால் அவர் வாழவில்லை. சாகக்கூடிய ஒருவரைத் திரையில் பார்க்கிறோம் என்ற உணர்வு, காமிரா மட்டும் தருகிற உணர்வு.

1948-இல் இத்தாலியில் டி சிகா எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தின் முடிவும் அப்படித்தான். சைக்கிளைப் பறிகொடுத்த ஏழை அப்பா, தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபடுகிறார். மகன் கண் முன்னால் அறை வாங்குகிறார். பிறகு சிறுவன் மெல்ல அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். அப்பாவாக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்ல, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அந்தக் கை, வேலை செய்த கை. பார்த்தாலே தெரியும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார். பிறர் நம்மை இழிவுபடுத்தும்போது, அன்புக்குரியவரையோ பொருளையோ இழக்கும்போது, இருந்த நிலையிலிருந்து வீழ்ந்துவிடும்போது, வறுமையில். வகுப்பில் தமிழய்யா சொன்னபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். இப்போதுதான் புரிகிறது. 'பைசிக்கிள் தீவ்ஸ்' வறுமையும் இழிவும். 'அப்' இழப்பு. 'டாய் ஸ்டோரி' இரண்டாம் பாகத்தில் வளர்ந்துவிட்ட சிறுமியால் கைவிடப்பட்ட ஜெஸ்ஸி பொம்மை, நிலை தாழ்ந்த துயரம்.

என் அனுபவத்தில் ஒன்று கவனித்தேன். இழப்பையும் வீழ்ச்சியையும் கம்ப்யூட்டர் படம் நன்றாகவே சொல்கிறது. அவை எல்லோருக்கும் பொது. வறுமையையும் அவமானத்தையும் சொல்ல நிஜ உடம்பு வேண்டியிருக்கிறது. பசித்த வயிறு, அறை வாங்கிய கன்னம் இவற்றுக்கு ஒரு சாட்சி தேவை. காமிரா சாட்சி. கம்ப்யூட்டர் கதைசொல்லி. இரண்டுக்கும் வேலை வேறு.

இரண்டும் சேர்ந்ததும் உண்டு. 2012-இல் வந்த ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' படத்தைப் பாண்டிச்சேரியிலும் கொஞ்சம் எடுத்தார்கள். சூரஜ் சர்மா என்ற நிஜப் பையன். பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டர் புலி. கடலில் அத்தனை நாள் கூட இருந்த புலி, கரை சேர்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடுகிறது. பையன் கதறுகிறான். இல்லாத புலிக்காக இருக்கிற பையன் அழுகிறான், நாமும் அழுகிறோம்.

மாணவர்களே, அனிமேஷன் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் உங்களில் நிறைய பேர். உங்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு இந்தியாவிலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24-ஆம் தேதி அந்தப் படம் காட்சி நுட்பத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. விழா அரங்குக்கு வெளியே அந்தத் துறைக் கலைஞர்கள் கோஷம் போட்டுக்கொண்டு நின்றார்கள். மேடையில் விருது வாங்கியவர் அந்தக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், இசையைப் போட்டுப் பேச்சை முடிக்க வைத்தார்கள். புலி நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அழுதோமே, புலியைச் செய்தவர்களை நாம் திரும்பிப் பார்த்தோமா?

ஏன் சொல்கிறேன் என்றால், "கம்ப்யூட்டர் அழவைத்தது" என்று பேசுகிறோம். கம்ப்யூட்டர் யாரையும் அழவைக்கவில்லை. எல்லியின் தலை எவ்வளவு குனிய வேண்டும் என்று ஒருவர் ராத்திரி விழித்து யோசித்திருக்கிறார். அவர் எப்போதோ அப்படிக் குனிந்த தலை ஒன்றைப் பார்த்திருக்கிறார். இன்று ஒரு வரி தட்டினால் அழுகிற முகத்தைத் தானாகவே வரைந்து தரும் இயந்திரம் வந்துவிட்டது. அதைக் கண்டு மலைக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். "இந்தத் தலை ஏன் குனிந்திருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். தெரிந்தவர் ஒருவர் பின்னால் இருந்தால் அது கலை.

கடைசியாக, நண்பா, உனக்கு என் பாக்கி. நீ பொம்மைக்காக அழவில்லை. யாரோ ஒரு முகம் தெரியாத கலைஞர், தான் பார்த்த துக்கத்தை ஒரு வட்டமும் சதுரமுமாக வைத்துவிட்டுப் போனார். நீ அதில் உன் மனைவியைக் கண்டுகொண்டாய். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கணக்கும் பந்திக் கணக்கும் பார்க்க உன்னைத் தவிர ஆள் இல்லை. அழ உனக்கு நேரமில்லை. நின்றுபோன அழுகை இரண்டு வருடம் உள்ளேயே காத்திருந்தது. படம் கதவைத் திறந்தது, அவ்வளவுதான். வந்தது உன்னுடைய கண்ணீர். போய்ச் சேர்ந்ததும் அவங்களுக்குத்தான். அதைவிட வேறு மரியாதை என்னடா வேண்டும்?

அன்று காலையிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களே, வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். நிஜப் படமோ பொம்மைப் படமோ, எதுவானாலும் சரி. அப்பா இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஏன் அழுதார் என்று பத்து வருடம் கழித்து உங்களுக்கே தெரியும்.